புதன்கிழமை ஆற்றங்கரை வருகைப்பதிவு

பல்கலைக்கழகத் துறை அலுவலகத்தில் வேலைக்குச் சேருகிறவன் முதலில் படிக்க வேண்டிய வித்தை, பாஸ்வேர்டை மறந்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திட்டுகிறவரோடு நாமும் சேர்ந்து அதைத் திட்டுவது. சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் அலுவலக உதவியாளனாக இருபது வருசமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மேலே யாராவது ஒரு புதுச் செயலியை வாங்கினால், அது கடைசியில் என் மேசையில்தான் வந்து விழும். உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு பாவப்பட்டவர் இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். போன வருசம் வந்து விழுந்த ஒன்றினால் ஒரு பிள்ளையின் படிப்பே போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ரேகை இல்லாத மனுசன்

முதலில் வந்தது, ஊழியர்களுக்கான விரல்ரேகைப் பெட்டி. நான் விரலை வைத்தால் 'நன்றி' என்று சொல்லும். எங்கள் ஆய்வக உதவியாளர் சுடலைமுத்து அண்ணாச்சி வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். வருசக்கணக்கில் ஆசிட் ஊற்றிக் குப்பி கழுவின கை, அதில் ரேகை எங்கே மிஞ்சியிருக்கும்? பத்து விரலையும் வைத்துப் பார்த்ததில் இடது கைச் சுண்டுவிரலை மட்டும் பெட்டி ஒத்துக்கொண்டது. அதையும் சட்டையில் நாலு தடவை துடைத்துவிட்டு வைக்க வேண்டும்.

அண்ணாச்சி அன்றைக்குச் சொன்னது: "இருவத்தஞ்சு வருசமா வாரேன், கேட்டுல படுத்துக் கெடக்க நாய்க்குக்கூட என்னையத் தெரியுது. இந்தப் பெட்டிக்கு மட்டும் நான் யாருன்னு நிரூபிக்கணுமாம் வே!"

நான் போட்ட வட்டம்

அடுத்து வந்தது மாணவர்களுக்கான வருகைச் செயலி. வகுப்பு நடக்கிற இடத்துக்குள் நின்று போனில் பொத்தானை அழுத்தினால்தான் வருகை பதிவாகும். அந்த இடத்தை வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டச் சொன்னார்கள். எங்கள் கட்டடத்தைச் சுற்றி நானே போட்டேன். வாசல் வேப்பமரத்தைக்கூட விடாமல் உள்ளே சேர்த்துவிட்டேன் என்று ஒரே பெருமை.

புதன்கிழமைதோறும் எங்கள் முதுகலைப் பிள்ளைகளுக்கு வகுப்பே ஆற்றங்கரையில்தான் என்பது மட்டும் மண்டையில் உறைக்கவில்லை. ஒரு வாரம் பாபநாசம், ஒரு வாரம் ஆழ்வார்குறிச்சிப் பக்கம், ஒரு வாரம் முறப்பநாடு என்று போய், தண்ணீர் எடுத்து அங்கேயே சோதிப்பார்கள். அங்கன நின்று பொத்தானை அழுத்தினால் 'நீங்கள் வகுப்பில் இல்லை' என்று வந்தது. வட்டத்தை மாற்றித் தரச் சொல்லிச் செயலிக்காரர்களுக்கு எழுதினேன், பதிலே இல்லை.

சரி என்று நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். படத்தின் அடியில் இடமும் நேரமும் தானாக விழுகிற கேமரா செயலி இருக்கிறதல்லவா? ஆற்றங்கரையில் எல்லாரையும் நிறுத்தி அதில் ஒரு படம். புன்னைக்காயலிலிருந்து வந்து படிக்கிற சகாய ஷைனி என்ற பிள்ளை வியாழக்கிழமை காலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று அதை என் கம்ப்யூட்டருக்கு அனுப்புவாள். நான் முகம் முகமாகப் பார்த்து வருகை போடுவேன். படத்தில் இல்லாதவர் 'வரவில்லை'.

துறைத்தலைவர் மேடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோமதி சார், இந்த ஒண்ணாவது உருப்படியா நடக்கே!"

பட்டியலில் ஒரே ஒரு பேர்

கடைசிப் பருவம் முடிகிற சமயம், தேர்வு எழுத முடியாதவர்கள் பட்டியல் வந்தது. எங்கள் துறையில் ஒரே பேர், சகாய ஷைனி. எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே. நடுவில், ஆற்றுக்குப் போகாத ஒரு வாரம், டைபாய்டு வந்து படுத்திருந்தாள், அது எனக்கே தெரியும். ஆனால் பதினொரு புதன்கிழமையிலும் 'வரவில்லை'. பிள்ளை அழுதுகொண்டு ஓடி வந்தாள். "இன்னொரு வருசம்னா வீட்டுல அனுப்ப மாட்டாங்க சார். அப்பா இப்பவே போதும்னுதான் சொல்லுதாங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனாலும் நியாயம் பேசாமல் இருக்க முடியுமா? "ஏம்மா, புதன்கிழமை எல்லாம் எங்க போனே?" என்றேன். "ஆத்துக்குத்தான் சார்" என்றாள். நான் பதினொரு படத்தையும் திறந்து, பெரிய நீதிபதி மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒன்றிலும் அவள் இல்லை. அவள் அழுகைக்கு நடுவில் ஏதோ சொல்ல வந்தாள், நான் சொல்ல விடவில்லை.

பின்னால் டீயோடு நின்றிருந்த சுடலைமுத்து அண்ணாச்சி பைய எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏன் வே, இந்தப் படத்தையெல்லாம் ஆத்துல கெடக்க மீனா வந்து எடுத்துச்சு?"

யார், எத்தனை மணிக்கு

அந்த நிமிசம் பூமி பிளந்து உள்ளே போயிருக்கலாம். உடனே தேர்வுப் பிரிவுக்குப் போன் போட்டு, மேடம் கடிதம் கொடுத்தால் போதுமா என்று கேட்டேன். "துறைத்தலைவர் கடிதம் எல்லாரும்தான் கொண்டு வாராங்க. அந்தப் பிள்ளை அங்க இருந்ததுக்குப் பதிவு இருக்கா? நாளைக்குச் சாயங்காலம் பட்டியலை மூடிருவோம்" என்றார் அங்கிருந்த அம்மா. படத்தையெல்லாம் எடுத்தவளே ஷைனிதான் என்று அவள் போனைக் காட்டலாம் என்றால், அது போன மாதம்தான் ஆற்றில் விழுந்து, இப்போது கையில் இருப்பது வேறு போன்.

மேடம்தான் யோசித்துப் பிடித்தார். ஆற்றில் எடுக்கிற அளவுகளைப் பிள்ளைகள் அங்கேயே போனிலிருந்து ஒரு பொது ஷீட்டில் ஏற்றுவார்கள். எந்தக் கட்டத்தை யார், எத்தனை மணிக்கு நிரப்பினார் என்று அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். திறந்தால், பதினொரு புதன்கிழமையிலும் ஷைனி பேர். தண்ணீரின் சூடு, கலங்கல், எல்லாம் அவள் ஏற்றினது. ஒரு நாள் ஓரத்தில், 'மழை. குப்பி ஒண்ணு உடைஞ்சிட்டு. திரும்ப எடுத்தோம்' என்றுகூட எழுதியிருந்தாள். எல்லாவற்றையும் அச்செடுத்து, வட்டம் போட்டது முதல் என் தப்பை ஒப்புக்கொண்டு ஒரு கடிதமும் எழுதி, மறுநாள் காலையில் தேர்வுப் பிரிவில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மா தாள் தாளாகப் புரட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "இந்தப் பிள்ளைதான் ஒரு நாளும் விடாம போயிருக்கு போல. இதுக்குப் போயி எந்தப் புண்ணியவான் சார் 'வரவில்லை' போட்டது?"

அனுமதிச்சீட்டு

இரண்டு நாள் கழித்து ஷைனியின் அனுமதிச்சீட்டு வந்தது. கூப்பிட்டுக் கொடுத்தேன். "மன்னிச்சிரும்மா, தப்பு பூரா என் மேலதான்" என்றேன். மாணவி ஒருத்தியிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது, மனசு லேசாகவும் இருந்தது. அவள் சீட்டில் தன் பேரை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள்.

கதவு வரைக்கும் போனவள் திரும்பிச் சொன்னாள்: "மன்னிப்பெல்லாம் வேண்டாம் சார். ஆனா ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் உங்க கண்ணு முன்னாலதானே சார் நின்னேன்?"

இத்தனைக்கும் எங்கள் துறையில் பெட்டி, செயலி, கேமரா, ஷீட் எல்லாம் சொன்னபடி ஒழுங்காகத்தான் வேலை செய்தன. ரிப்பேராக இருந்தது நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு சாமான்தான், அதற்கு எங்கே ஆள் கூப்பிடுவது என்று உங்களுக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.