பொலிஸில் கேட்டோம், தங்கை தப்பினாள்!

என் தங்கை கலாவுக்குக் கலியாணம் நிச்சயமானபோது, மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீடே கொண்டாட்டமாக இருந்தது. மாப்பிள்ளைக்கு எங்கள் நகரிலேயே, ஆல்பனியில் நல்ல வேலை. எல்லோரிடமும் பணிவாகக் கதைப்பார்.

ஒருநாள் கலாவின் கை கன்றிப்போயிருந்தது.

"ஃபோன் எடுக்கப் பிந்திட்டன் எண்டு கோபத்திலை முறுக்கிப்போட்டார் அக்கா. பிறகு அழுதவர்," என்றாள்.

என்னோடு வேலை செய்யும் சென்னைக்காரி மாலதியிடம் சொன்னேன்.

"போலீஸ்ல கேளுங்க! அவன் முன்னாடி யாரையாவது அடிச்சிருந்தா உங்க தங்கச்சிகிட்ட சொல்லுவாங்க. இப்போ அப்படி ஒரு ஏற்பாடு வந்திருக்கு," என்றாள்.

நாங்கள் குடியேறியிருக்கும் இந்த நாட்டில் அப்படிப்பட்டவர்களின் பெயர்களை எல்லோரும் பார்க்க முடியாது. ஆனால் ஆபத்தில் இருப்பவருக்காகக் கேட்கலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கலாவைச் சம்மதிக்கவைத்து விண்ணப்பித்தோம். சில வாரங்களில் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்து, அவளை மட்டும் உள்ளே கூட்டிப்போனார்கள். நான் வெளியே இருப்புக்கொள்ளாமல் தவித்தேன்.

வந்தவள் என் கையை இறுகப் பற்றினாள். "உள்ளை சொன்னதை ஆரிட்டையும் சொல்லக்கூடாதாம். ஆனா இந்தக் கலியாணம் வேண்டாம். வாங்கோ அக்கா, வீட்டை போவம்!"

நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாசலிலேயே அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன், சிரித்தேன். பொலிஸார் சொன்னபடியே அந்தச் சம்பந்தத்திலிருந்து கவனமாக விலகிக்கொண்டோம்.

இப்போது யார் வீட்டில் கலியாணப் பேச்சு என்றாலும் மாப்பிள்ளையின் வேலையை நான் விசாரிப்பதில்லை. பெண்ணைத் தனியே கூப்பிட்டு, "அவர் கோபப்பட்டா உனக்குப் பயமா இருக்கோ, பிள்ளை?" என்றுதான் கேட்கிறேன்.