ஒலிபெருக்கியில் என் குரல்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம் நடந்தது இது. காஞ்சிபுரம் செவிலிமேட்டில் ஒரு மைதானத்துக்கு எதிரே நானும் என் கணவரும் டிபன் கடை வைத்திருக்கிறோம். அங்கே இசை விழா நடக்கப்போவதாக ஊரெல்லாம் பேச்சு. சென்னையிலிருந்து பாடகர்கள் வருகிறார்கள், உள்ளூர் வியாபாரிகளை வாழவைக்கும் விழா என்று பேனரிலேயே போட்டிருந்தார்கள்.

விழாவுக்கு முந்தைய வாரம், நடத்துபவர்களின் ஆபீஸிலிருந்து ஒரு பெண் கேமராவோடு கடைக்கு வந்தாள். நான் தோசை வார்ப்பதைப் படம் பிடித்தாள். "விழாவைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா" என்றாள். யாரும் சொல்லித் தரவில்லை. மனதில் பட்டதையே சொன்னேன். "எங்கள மாதிரி சின்னக் கடைங்களுக்கு இதான் நல்ல காலம். நடத்தறவங்க நல்லா இருக்கணும்."

வரப்போகும் கூட்டத்தை நினைத்து வழக்கத்தைவிடப் பல மடங்கு மாவு அரைத்தோம். ஏனாத்தூரிலிருந்து என் தங்கையும் உதவிக்கு வந்துவிட்டாள்.

விழா அன்று காலை கடைக்குப் போனால், வாசலை ஒட்டி ஆளுயரத்துக்கு மேல் தகரம் அடித்திருந்தார்கள். ஒரு ஆள் ஒருக்களித்து நுழையத்தான் இடம். தகரத்துக்கு அந்தப் பக்கம், மைதானத்துக்குள், பெரிய கம்பெனிகளின் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக முளைத்திருந்தன. காவலுக்கு நின்றவரிடம் என் கணவர் கெஞ்சிப் பார்த்தார். "ஸ்பான்சர் கடைங்கதான்பா உள்ள. என்னக் கேட்டு இன்னா பண்றது?" என்றார் அவர்.

சாயங்காலம் பாட்டு ஆரம்பித்தது. எங்கள் கடைக்கு ஒரு ஆள் வரவில்லை. பக்கத்து ஜூஸ் கடை அண்ணனும் ஆரஞ்சுகளை அடுக்கி வைத்துவிட்டுச் சும்மா நின்றார். திடீரென்று பாட்டு நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் பேசினாள்.

"இன்னாமா, உன் குரலு மாதிரி இருக்குது?" என்றார் அண்ணன்.

என் குரல்தான். நடத்தறவங்க நல்லா இருக்கணும் என்று அது சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் ஒரே கைதட்டல். என் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அடுப்பை அணைத்துவிட்டு விறுவிறுவென்று மைதானத்து கேட்டுக்குப் போனேன். படம் பிடித்த பெண்ணே எதிரில் வந்தாள்.

"அக்கா! உங்க வீடியோதான் ஹைலைட்! கேட்டீங்களா?"

"கேட்டேன்மா. அந்தத் தகரத்தை மட்டும் கொஞ்சம் நகத்தச் சொல்லு. கடையே தெரியல."

அவள் முகம் மாறியது. "அது என் கையில இல்லக்கா" என்றவள், கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி நீட்டினாள். "நீங்க உள்ள வந்து பாட்டு கேளுங்க." அவள் கெட்டவள் இல்லை. கொடுக்க அவளிடம் வேறொன்றும் இல்லை. வாங்காமல் திரும்பினேன்.

மறுநாள் மாவு புளித்துவிட்டது. அக்கம்பக்கத்தில் கொடுத்தது போக மிச்சத்தை நானே கொட்டினேன்.

அடுத்த வருடமும் கேமராவோடு வந்தார்கள், வேறு ஆட்கள். "மொதல்ல தகரம் எங்க அடிப்பீங்கன்னு சொல்லுங்க, அப்புறம் பேசறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே ஜூஸ் கடைக்கு நகர்ந்துவிட்டார்கள். அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையை வாரிக்கொண்டு கேமரா முன் நின்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை; இந்தத் தடவையாவது வழி விடுவார்கள் என்று நம்பியிருப்பார். விடவில்லை.

இப்போதும் ஏதாவது விழா மேடையில் சாதாரண ஜனங்கள் மனமார நன்றி சொல்லும் வீடியோவைப் பார்த்தால் எனக்குக் கைதட்ட வருவதில்லை. இந்த நேரத்தில் அவர்கள் எங்கே நின்றுகொண்டிருக்கிறார்களோ என்றுதான் மனம் தேடுகிறது.