மாகறல் பஸ்ஸில் ஏறாதவன்

வேதகிரியின் முகத்தில் விழிப்பதில்லை என்று சேட்டு வைத்திருந்த வைராக்கியத்துக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் சேட்டுவின் அண்ணன் சுகுமார் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தபடியே மார்வலியில் செத்துப்போனான். மடியில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம். பாதி தின்றிருந்தான். சேட்டு மாகறலிலிருந்து ஓடிவந்து, அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிற நேரத்தில் தலைக்கு மேலே குழாய் ஸ்பீக்கரில், பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற வேதகிரியின் குரல் வந்தது.

"மாகறல் போறவங்கல்லாம் ஏறு! மாகறல்... மாகறல்..."

ஒரு தரம் என்றால் போகட்டும், பொழப்பு. மூன்று தரம் கூப்பிட்டார். அதுவும் மாகறல் பஸ் புறப்பட்டுப்போய் வெகுநேரம் ஆன பிறகு. செத்தவன் ஊரைச் சொல்லி நக்கல் பண்ணுகிறானா என்று சேட்டு கல்லை எடுத்துக்கொண்டு மைக் கூண்டுக்கு ஓடினான். நாலு பேர் பிடித்து இழுத்துவந்தார்கள். அந்தக் கல் அவன் மனசுக்குள் அப்படியே கிடந்தது.

வேதகிரி ஐயங்கார்குளத்துக்காரர். நிலமில்லாத வீட்டில் பிறந்து, பஸ் கூரையில் மூட்டை ஏற்றுகிற வேலைக்கு உத்திரமேரூர் வந்தார். கூரைமேல் நின்று அவர் போடுகிற சத்தம் ஏரிக்கரை வரை கேட்கும். அதைக் கேட்டுத்தான் டைம்கீப்பர் ஒருத்தர் மைக்கைக் கையில் கொடுத்தார். அப்போதெல்லாம் போர்டில் ஒரு ஊர் இருக்கும், பஸ் வேறு ஊருக்குப் போகும். அதனால் போர்டை எவனும் நம்ப மாட்டான். வேதகிரி கூப்பிட்டால்தான் ஜனம் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கும். இத்தனை பேரை ஏற்றி அனுப்பிய மனுஷனுக்குப் பஸ் வாடையே ஆகாது. ஏறினால் வாந்தி. அதனாலேயே சொந்த ஊர்ப் பக்கம் போகாமல், பெண்டாட்டி செத்த பிறகும் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஓட்டுவீட்டில் தனியாகவே இருந்துவிட்டார்.

இப்போது அந்த ஸ்டாண்டை இடித்துவிட்டு, மாடியும் கடைகளுமாகப் பெரிசாகக் கட்டப்போகிறார்கள். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்துக்குப் போய்விட்டன. இடிக்கிற வேலை தள்ளிக்கொண்டே போனதால், அதுவரைக்கும் ஜனங்கள் எதற்காவது வைத்துக்கொள்ளட்டும் என்று கொட்டகையை விட்டுவைத்தார்கள். வாச்மேன் வேலை சேட்டுவுக்கு. காண்ட்ராக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எது வேணா நடக்கட்டும். இடிக்கிற மிஷின் வர்ற அன்னைக்கு உள்ள ஒரு உசுரு இருக்கக் கூடாது. பொறுப்பு உன்னுது."

காஞ்சிபுரம் பஸ் நின்ற இடத்தில் கண் முகாம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தெரு சபையார் ஜெபம் வைத்தார்கள். டீக்கடை இருந்த மூலையில் ஒரு பிள்ளைக்குக் காது குத்தி, அங்கேயே பந்தி போட்டார்கள். சாயங்காலமானால் அம்முலு என்றொருத்தி தன் கூட்டத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து ஆடித் திருவிழாவுக்குக் கோலாட்டம் பழகுவாள்.

அந்தக் கோலாட்டத்தைப் பார்த்துத்தான் சேட்டுவுக்கு முதலில் சந்தேகம் வந்தது. பெண்கள் வட்டமாகச் சுற்றுவார்கள். ஒரு தூண் பக்கம் வந்ததும் வட்டம் நெளிந்து, ஒரு பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போகும். பெஞ்சுக்கு முன்னால் தாராளமாக இடம் இருந்தும் யாரும் அங்கே கால் வைக்கவில்லை. சுகுமார் செத்த பெஞ்சு அது.

"இன்னாத்துக்கும்மா அப்பிடி வளைஞ்சிகினு போறீங்க? நேரா ஆடினா இன்னா?"

"தெரிலண்ணா. யாரோ காலை நீட்டிக்கினு உக்காந்துகினு கீறா மாதிரி கீது. மெறிச்சிடுவமோன்னு காலு தானா ஒதுங்குது" என்றாள் அம்முலு. சொல்லிவிட்டுச் சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

சேட்டு போய்ப் பெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். நாளெல்லாம் நிழலில் கிடக்கிற சிமெண்ட். அப்போதுதான் ஒரு ஆள் எழுந்துபோனதுபோலச் சூடாக இருந்தது. கீழே கடலைத்தோல். காலையில்தான் கூட்டினான். மறுநாளும் கூட்டினான். சாயங்காலம் மறுபடியும் தோல் கிடந்தது. கடலை விற்கிறவன் அந்தப் பக்கம் வருவதை விட்டு எத்தனையோ மாசம் ஆகியிருந்தது.

இதற்கு நடுவில் வேதகிரி வேறு வர ஆரம்பித்தார். எந்த நிகழ்ச்சி நடந்தாலும் தொடங்குமுன் மைக்கைக் கேட்டு வாங்குவார். சுண்ணாம்பு உதிர்ந்த தூண்களைப் பார்த்துக்கொண்டு, வராத பஸ்ஸுக்கு ஊர் ஊராகக் கூப்பிடுவார். பெரியவருக்கு மறை கழன்றுவிட்டது என்று ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். அவருக்குத் தொண்டையில் கட்டி. குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. சேட்டு பல்லைக் கடித்துக்கொண்டு தெருப்பக்கம் போய் நிற்பான்.

மிஷின் வந்து வாசலில் நின்றது. விடிந்தால் இடிப்பு. கடைசிச் சாயங்காலம் அம்முலு கூட்டம் கோலை எடுக்குமுன் வேதகிரி வந்து மைக்கைப் பிடித்தார். "மாகறல்..." என்றார். வெறும் காற்றுதான் வந்தது. அந்த ஊரின் பெயரை அவர் வாயால் கேட்டதும் சேட்டுவுக்கு எங்கிருந்தோ வந்தது கோபம்.

"யோவ்! எங்கண்ணன் பொணத்து மேல கூவுனது பத்தலியா உனக்கு? கீழ வைய்யா மைக்க!"

வேதகிரி மைக்கை வைக்கவில்லை. குசுகுசுவென்று பேசினார். "கோச்சிக்காத சேட்டு. இங்க காத்துக்கினு இருந்து செத்தவங்க என் கொரலு கேட்டாதான் எந்திரிப்பாங்க. உசுரோட இருக்கசொல்லவே அப்பிடித்தான? ஒவ்வொருத்தரையும் அவங்கவங்க ஊர் சொல்லி அனுப்பிட்டேன். உங்கண்ணன் மட்டும் எந்திரிக்க மாட்றான். அன்னிக்கும் அவனுக்காகத்தான் கூப்ட்டேன். நாளிக்கு மிஷின் உள்ள வருதே, அவன் இன்னும் அங்கதான் குந்திகினு கீறான்."

பெண்கள் கோலைக் கீழே விட்டார்கள். சேட்டு பெஞ்சைப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு கடலைத்தோல் விளிம்பிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. காற்றே இல்லை.

வீட்டில் யாரும் வெளியே சொல்லாததைச் சேட்டு சொன்னான். "அவன் அன்னிக்கு மாகறலுக்கு வரல, பெரியவரே. திருமுக்கூடல்ல கனகான்னு ஒரு பொண்ணு. வேற ஜாதி. எங்கப்பன் வூட்டவுட்டுத் தொரத்திட்டாரு. இனிமே நமக்கு அதான் ஊருன்னு எங்கிட்ட சொல்லிட்டுதான் கெளம்புனான்."

வேதகிரி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப் பாவி! தொரத்துன ஊருக்கே கூப்ட்டுக்கினு இருந்தனே இத்தினி வருசமா! எப்பிடி எந்திரிப்பான்?"

மைக்கைச் சேட்டுவின் கையில் திணித்தார். "என் கொரலு போச்சி. நீ கூப்டு. பேர் சொல்லாத, ஊர மட்டும் சொல்லு. பேர் சொன்னா உன் பின்னாடியே வூட்டுக்கு வந்துடுவான். கூப்ட்டுட்டு வாசப்பக்கம் பாக்காத."

சேட்டு கூப்பிட்டான். முதல் தரம் குரல் உடைந்தது. "திருமுக்கூடல் போறவங்க ஏறு..." இரண்டாம் தரம் கொட்டகையில் இருந்த அத்தனை பெண்களும், யாரும் சொல்லாமலே, இரண்டு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். மூன்றாம் தரம் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு நகர்ந்து நின்றது. பக்கத்தில் கடலை வாசனை வந்து, கடந்து போயிற்று. சேட்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு போய்ப் பெஞ்சைத் தொட்டான். ஜில்லென்று இருந்தது.

"ஏறிட்டான்" என்றார் வேதகிரி. மெதுவாக நடந்துவந்து அதே பெஞ்சில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார். அம்முலு தண்ணீர் கொடுத்தாள். வேண்டாம் என்று கையை ஆட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"எந்திரி பெரியவரே. ஆஸ்பத்திரிக்குப் போலாம். இங்க ஒருத்தரும் இருக்கக் கூடாது, இடிக்கப் போறாங்க."

வேதகிரி அவன் கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். உதடு அசைந்தது. சேட்டு குனிந்து காதைக் கொடுத்தான். அவர் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"இடிக்கறதுக்குள்ள ஐயங்கார்கொளத்துக்கு ஒருவாட்டி கூப்ட்டுடு, சேட்டு. ஜன்னலோரமா ஒரு சீட்டு புடிச்சி வை. எனக்கு வாந்தி வரும்."