காலைக் கலியாணத்தின் பூக்கள்

நாட்குறிப்பில் நான் எதையும் அழிப்பதில்லை. தவறாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் சரியானதை எழுதுவேன். மகளின் திருமணத்துக்கென ஒதுக்கிய பக்கங்களில் அப்படிப் பல கோடுகள் உண்டு. ஆனால் "கோயில் சோடனை: தேவையில்லை" என்ற வரியின்மேல் மட்டும் கோடு இல்லை. எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடன் படாமல் திருமணத்தை முடிப்பது என்று நானும் மனைவியும் தீர்மானித்திருந்தோம். கலியாண மண்டபம் எடுக்கவில்லை, கோயிலின் பங்கு மண்டபமே போதும் என்றோம். மாப்பிள்ளை வீட்டார் கொக்குவிலில் இருந்து ஒரு பேருந்தில் வந்துவிடுவார்கள். காருக்கும் செலவில்லை. என்னோடு வேலை செய்யும் நண்பர் தன்னுடைய வெள்ளைக் காரை அன்று முழுவதும் தருவதாகச் சொல்லியிருந்தார். மிஞ்சியிருந்த பெரிய செலவு, கோயிலைப் பூவால் அலங்கரிக்கும் சோடனைதான்.

நாள் குறிக்கப் போனபோது பங்குத்தந்தை தன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"அண்டைக்குக் காலமை ஒன்பதரைக்கு இன்னொரு கலியாணம் இருக்கு. உங்களுக்குப் பின்னேரம் நாலு மணி தரலாம்."

"பரவாயில்லை சுவாமி."

"ஒரு வகையிலை நல்லதுதான். அங்கை தாய்க்காரி தனிய நிண்டு செய்யிறா. போய்க் கதைச்சு, சோடனையைப் பாதி பாதியாப் போடுங்கோ. உங்களுக்கும் மிச்சம், அவவுக்கும் மிச்சம்."

எங்கள் கோயிலில் இது வழக்கம். ஒரே நாளில் இரண்டு திருமணம் வந்தால் காலையில் வைத்த பூ மாலைக்கும் நிற்கும், செலவை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்வார்கள். அந்தத் தாய் யாரென்றும் எனக்குத் தெரியும். துறைமுகத்தடியில் மீன் விற்பவர். கணவர் இறந்து சில வருடங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் போலவே முதற்பூசைக்கு வருவார். மனைவியும் மகளும் இரண்டாம் பூசைக்குத்தான் போவார்கள்.

மூன்று ஞாயிறுகள் பூசையில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்தார்கள். அவருடைய மகளின் பெயரும் என் மகளின் பெயரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதல் ஞாயிறு மழை; பூசை முடிந்ததும் எல்லோரும் ஓடினார்கள். இரண்டாம் ஞாயிறு அவர் உறவினர்களோடு நின்றார். மூன்றாம் ஞாயிறு தனியாகத்தான் நின்றார். மாதா சுருவத்தின் முன்னால் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார். பத்தடி தூரம்கூட இல்லை. அப்போது எனக்குள் வந்த எண்ணத்தை இங்கே உள்ளபடியே எழுதிவிடுகிறேன்: கதைக்கப் போனால் பாதி கொடுக்க வேண்டும். போகாவிட்டாலும் பூ அங்கேதான் இருக்கும்.

செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"அந்தச் சோடனை விசயம் கதைச்சனீங்களோ?" என்று மனைவி கேட்டாள்.

"ஓம், கதைச்சாச்சு."

அன்றுதான் அந்த வரியை எழுதினேன்.

திருமணத்தன்று நண்பகல் தாண்டியதும், கதிரைகளைப் பார்க்கும் சாட்டில் கோயிலுக்குப் போனேன். உண்மையில் பூவைப் பார்க்கத்தான் போனேன். காலை வீட்டார் கழற்றிக்கொண்டு போயிருந்தால் என் மகள் வெறும் கோயிலுக்குள்தான் நடந்து வரவேண்டும். மனைவியிடம் நான் சொன்ன பொய்யும் வெளியே வந்துவிடும்.

உள்ளே பூ அப்படியே இருந்தது. நடுப்பாதையின் இரு பக்கமும், உட்காரும் வாங்குக்கு ஒரு கொத்தாகப் பதினாறு கொத்துகள். பீடத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்பும். பட்டுச் சேலையை இடுப்பில் செருகியபடி ஒருவர் கொத்துகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அந்தத் தாய்தான்.

"பின்னேரக் கலியாணத்து ஆளோ அண்ணை?"

"ஓம். பொம்பிளையின்ரை தகப்பன்."

"வெக்கைக்கு வாடிப்போகும். அதுதான் கொஞ்சம் தண்ணி தெளிச்சு விடுறன். சேமக்காலைக்குக் கொண்டுபோய் மனுசன்ரை கல்லறையிலை வைக்க ரெண்டு பூ எடுத்தனான். பின்பக்கத்திலைதான் எடுத்தனான், தெரியாது."

தன் பூவிலிருந்து இரண்டை எடுத்ததற்கு அவர் எனக்குக் காரணம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

நான்கு மணிக்கு மகளைக் கைபிடித்து அந்தப் பதினாறு கொத்துகளுக்கு நடுவே நடந்தேன். "எங்கடை கலருக்கு நல்லா ஒத்து வந்திட்டுது அப்பா," என்று அவள் முணுமுணுத்தாள். பூசையில் ஒரு சொல்லும் எனக்கு ஏறவில்லை.

மூன்றாம் நாள் காலை, சோடனைக்காரரிடம் தொகையை விசாரித்து, பாதியை ஒரு உறையில் வைத்துக்கொண்டு அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இதென்ன அண்ணை?"

"சோடனைக் காசு. எங்கடை பாதி."

அவர் வேண்டாம் என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். சொன்னால் என் மனப்பாரம் கொஞ்சம் குறையும் என்றும் நினைத்தேன். அவர் கையைக் கழுவி, சேலையில் துடைத்து, உறையை வாங்கினார்.

"சுவாமி சொன்னவர், ஆரோ வந்து கதைப்பினம் எண்டு. மூண்டு கிழமையும் பாத்தன். ஓலையிலை பேரைக் கேட்டனானே தவிர ஆளைத் தெரியாது. பிறகு, நீங்கள் வேறை சோடனை பிடிச்சிட்டியளாக்கும் எண்டு விட்டிட்டன்."

"பிழை என்னிலைதான்," என்றேன்.

"அதுக்கென்ன. காருக்குத்தான் சொல்லி வைச்சனான். பாதி வராது எண்டாப்போலை காரை வேண்டாமெண்டிட்டன். தம்பியின்ரை ஆட்டோவிலைதான் பிள்ளையைக் கொண்டுபோனது. கலியாணச் சட்டையின்ரை நீட்டு வால் வெளியிலை தொங்கி, கிரீசும் பிரண்டிட்டுது." அவர் சிரித்தார். "'அம்மா, படத்திலை தெரியாது, சும்மா இரு' எண்டு அவள்தான் எனக்குச் சொல்லுறாள். விடுங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

குடித்தேன். வேண்டாம் என்று சொல்லும் தகுதிகூட எனக்கு இல்லை என்று தோன்றியது.

உறை கொடுத்ததை மனைவிக்குச் சொல்லவில்லை. 'இதர செலவு' என்று எழுதிவைத்தேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தார். அவருடைய மகனுக்கு வரும் தையில் திருமணம். மனைவி திருமணப் பட அல்பத்தை விரித்துக் காட்டினாள்.

"பூவெல்லாம் பாதிக் காசுதான் அக்கா. காலமையும் ஒரு கலியாணம் நடந்தது. இவர் முதலே போய்க் கதைச்சு ஒழுங்கு பண்ணினவர்."

"கெட்டிக்காரன்!" என்று அந்த அக்கா என் பக்கம் திரும்பினார். "எப்பிடித் தம்பி கேட்டனீர்? எனக்கெண்டா வாயே வராது. சொல்லித் தாருமன்."

"நான் கேக்கேல்லை," என்றேன்.

அவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். பிறகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: மூன்று ஞாயிறு, தண்ணீர் தெளித்தது, மூன்றாம் நாள் உறை, ஆட்டோ, கிரீஸ். அக்கா ஏதோ அடுப்பில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து போனார்.

மனைவி அல்பத்தை மூடவில்லை. அந்தப் பக்கத்தில் வெள்ளைக் கார் இருந்தது. முன்பக்கத்தில் ரிபன் கட்டி எங்கள் மாமரத்துக்குக் கீழே நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ. அந்தப் பிள்ளையின்ரை கலியாணம் ஒன்பதரைக்குத்தானே? இந்தக் கார் அண்டைக்கு எத்தினை மணிக்கு வந்தது?"

பார்க்கத் தேவையிருக்கவில்லை. எழுதிவைத்திருந்தேன்.

"காலமை எட்டுப் பத்துக்கு," என்றேன். "பின்னேரம் மூண்டரை வரைக்கும் எங்கடை வீட்டு முத்தத்திலைதான் சும்மா நிண்டது."