எக்ஸ்பிரஸ் அண்ணனின் லைசென்ஸ்

கடைத்தெருவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘அஞ்சாம் வரி’. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. முப்பத்திரண்டு வருஷமாக அதே சின்ன இருட்டறை, அதே சுழல் நாற்காலி. அறை மூன்று மீட்டர்தான். எதிர்ச்சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியை மாட்டி, அதில் எழுத்துப் பலகை தெரியும்படி செய்து, ஆறு மீட்டர் என்று கணக்குக் காட்டியிருந்தார்கள்.

எழுபது வயதைத் தாண்டியவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க, கண் சரியாக இருக்கிறது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். பலகையில் மேலிருந்து ஐந்தாவது வரியைப் படித்தால்தான் கையெழுத்து. நாலாவது வரியோடு நின்றுவிட்டவர்கள் கெஞ்சுவார்கள், சிரித்து மழுப்புவார்கள், பேரப்பிள்ளைகளின் போட்டோவை எடுத்துக் காட்டுவார்கள். அவள் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஒருவர், முந்தின நாள் வந்துபோன நண்பரிடம் கேட்டு மொத்தப் பலகையையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். அவள் பலகையை மாற்றிவிட்டாள். அவர் பழைய பலகையையே கடகடவென்று ஒப்பித்துவிட்டு, “எப்படி?” என்றார்.

இப்படிப்பட்டவளிடம்தான் அவளுடைய அண்ணன் ஒரு நாள் தாளோடு வந்தார்.

அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தூரத்து ஊர்களுக்குப் போகும் பஸ்ஸை முப்பத்தெட்டு வருஷம் ஓட்டியவர். குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார் என்பதால் ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். ஓய்வு பெற்றதும் ஒரு சாம்பல் நிறக் கார் வாங்கினார். பள்ளிக்கூடத்தை ஒட்டிய ரோட்டில் முப்பது என்று போர்டு நட்டபோது அதைத் தன்னைத் திட்டி எழுதிய கடிதம் மாதிரி நினைத்துக்கொண்டார். “முப்பதுல போறதுக்கு நான் எதுக்குக் கார் வாங்கணும்? ஒரு தள்ளுவண்டி வாங்கியிருப்பேனே” என்பார். அந்த ரோட்டில் அறுபதுக்குக் கீழே அவர் இறங்கியதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்ததும், “சீக்கிரம் முடி. கார் வெயில்ல நிக்குது” என்றார்.

ஐந்தாவது வரி என்ன, ஏழாவது வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் படித்தார். “போதுமா, இன்னும் கீழே அச்சடிச்சவன் பேரு இருக்கு, அதையும் படிக்கட்டுமா?” என்று சிரித்தார்.

அவள் தன் முக்காலியை அவருக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள். எழுபது தாண்டிய எல்லோருக்கும் அவள் செய்கிற சோதனை அது. “ஒரு கண்ணை மூடிக்கோங்க அண்ணே. என் மூக்கையே பாருங்க. பக்கத்துல விரல் காட்டுவேன். எத்தனைன்னு சொல்லணும்.”

அவர் மூக்கைப் பார்த்தார். அவள் கையைப் பக்கவாட்டில் நீட்டி இரண்டு விரலை விரித்தாள். அவர் பேசாமல் இருந்தார். கையை மெதுவாக உள்பக்கம் கொண்டுவந்தாள். அப்போதும் பேச்சில்லை.

“விரலைக் காட்டு, சொல்றேன்” என்றார்.

“காட்டிக்கிட்டுதான் அண்ணே இருக்கேன்.”

அவர் சட்டென்று தலையைத் திருப்பினார். தன் காதுக்குப் பக்கத்தில் நின்ற கையைப் பார்த்ததும் முகம் கறுத்தது. மறு கண்ணிலும் அதே கதைதான். நேரே பார்ப்பது பளிச்சென்று தெரிந்தது. பக்கங்களெல்லாம் யாரோ திரை போட்டு மூடிவிட்ட மாதிரி.

“கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கும். வலிக்காது, தெரியவும் தெரியாது. பக்கத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா பார்வையைத் தின்னுட்டு வரும். டாக்டரைப் பாருங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“ஏழு வரி படிச்சிருக்கேன்! சட்டத்துல அஞ்சு வரிதானே கேக்குறான்?”

“ரோட்டுல வர்றது இந்தப் பலகை மாதிரி நேர்ல மட்டும் வந்து நிக்காது.”

“தங்கச்சியாச்சேன்னு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். பக்கவாட்டில் திறந்து நின்ற கதவு அவருக்குத் தெரியவில்லை, தோள் இடித்தது. அதற்கும் அவளைத்தான் முறைத்தார்.

அன்று மதியமே அடுத்த தெருக் கடையில் ஐந்து நிமிஷத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். அண்ணி போன் பண்ணி, “உங்க அண்ணனுக்குக் கண்ணு பாஸாயிடுச்சும்மா. உன் கடையைத் தவிர எல்லாக் கடையிலயும் நல்லாத் தெரியுதாம்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பத்து நாள் கழித்து, இவர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த நடு அண்ணனுக்கு மூட்டு ஆபரேஷன். பார்க்கப் போவதற்காக அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. பின் சீட்டில் அண்ணி. “ஏறு. என் கண்ணு எப்படி இருக்குன்னு பக்கத்துல உட்கார்ந்தே பாரு” என்றார். ஏறாவிட்டால் அதுவும் ஒரு பேச்சாகும். ஏறினாள்.

கையைப் பார்த்தால் இப்போதும் டிரைவர்தான். கியர் மாறுவது தெரியவில்லை, ஒரு குலுக்கல் இல்லை. பள்ளிக்கூட ரோட்டில் திரும்பினார். முப்பது என்ற போர்டு பின்னால் போனது. வேக முள் அறுபத்திரண்டில் நின்றது. ரிட்டயர் ஆன நாளில் டெப்போ மேனேஜர் தன்னைப் பற்றிப் பேசியதைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

அவள் உட்கார்ந்திருந்த பக்கத்துச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் வெளியே வந்தது. நடுத்தர வயது ஆள், தோளில் பிளம்பர் பைப்புகள். காருக்கும் அவருக்கும் நடுவே நாற்பது ஐம்பது அடிதான் இருந்திருக்கும். அண்ணனின் கால் அசையவில்லை, ஸ்டியரிங் அசையவில்லை, பேச்சுகூட நிற்கவில்லை. வண்டி நிற்காது என்று அந்த ஆளுக்குப் புரிந்துவிட்டது. சைக்கிளோடு தன்னைத் தூக்கிச் சுவரில் எறிந்துகொண்டார்.

“அண்ணே!”

“என்னடி கத்துறே?”

“அந்த ஆளு!”

“எந்த ஆளு?” கண்ணாடியில் பார்த்தார். “ரோட்டுல ஒருத்தனும் இல்லை. பயம் காட்டுறியா?”

அவள் பின்னால் திரும்பினாள். அண்ணியும் திரும்பி, பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரத்தில் சிதறிக் கிடந்த பைப்புகள் அவளுக்கும் தெரிந்திருக்கும். இருவர் கண்ணும் சந்தித்தன. அண்ணி முன்பக்கம் திரும்பி, “ஒண்ணுமில்லைங்க. அவளுக்கு எப்பவுமே பதட்டம்” என்றாள்.

“நிறுத்துங்க. நான் இறங்கணும்.”

“இறங்கு, இறங்கு. ஒழிஞ்சது சனி.”

அவள் அந்த நீள ரோட்டில் திரும்ப நடந்து வந்தாள். பிளம்பர் முழங்கை உரிந்து, பைப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து இரண்டை எடுத்துக் கொடுத்ததும் அவள்மீது பாய்ந்தார். “அந்தக் கார்லதானே இருந்தீங்க? அந்தக் கிழவனுக்குக் கண்ணு தெரியாதா?”

“தெரியாது” என்றாள்.

அவர் பைப்புகளை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே லைசென்ஸ் ஆபீசுக்குக் கடிதம் எழுதினாள். அண்ணனின் பெயர், வண்டி எண், பக்கப் பார்வையில் தான் கண்டது, ரோட்டில் தான் கண்டது. கீழே தன் பெயர், வேலை, கையெழுத்து. அவளுடைய கணவர் படித்துவிட்டு, “பேர் போடாம அனுப்பேன். எதுக்கு வம்பை விலைக்கு வாங்குறே?” என்றார்.

“பேர் இல்லாத தாளைக் குப்பையில போடுவாங்க.”

ஒன்றை அவள் தன்னிடம் மறைக்கவில்லை. பத்தொன்பது வயதில் அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. அண்ணனிடம் கேட்டபோது, “வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்” என்று சொல்லிவிட்டு ஒப்புக்குக்கூட அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. தபால் பெட்டிக்குள் கடிதம் விழுந்தபோது அடிநாக்கில் கொஞ்சம் இனித்தது நிஜம். அதற்காக எழுதினாளா என்று பல நாள் யோசித்தாள். கொஞ்சம் அதற்காகவும்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தை எடுத்துவிட்டாலும் கடிதம் அப்படியேதான் இருந்திருக்கும்.

ஆபீசில் அண்ணனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரியான ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, அங்கங்கே புள்ளி மின்னும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொல்கிற சோதனை. புள்ளியே வரவில்லை, மெஷின் ரிப்பேர் என்று நடுவிலேயே சத்தம் போட்டாராம். புள்ளிகள் மின்னிக்கொண்டேதான் இருந்தனவாம். லைசென்ஸை ரத்து செய்தார்கள். யார் எழுதியது என்று கேட்டவருக்கு ஒரு குமாஸ்தா கடிதத்தையே திருப்பிக் காட்டிவிட்டார்.

கடையில் கூட்டம் நெரிகிற நேரமாகப் பார்த்து அண்ணன் வந்தார், நடந்து. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“முப்பத்தெட்டு வருஷம்டி! ஒரு கோழிகூட என் சக்கரத்துல அடிபட்டதில்லை. கூடப் பிறந்தவளே எனக்குக் குழி வெட்டிட்டா. பாருங்கய்யா, எல்லாரும் நல்லாப் பாருங்க இந்த முகத்தை!”

பிரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போட்ட பிரேமோடு திரும்பிப் பார்த்தார்கள்.

“அடிபடுறதுக்கு முன்னாடிதான் நான் எழுத முடியும் அண்ணே. அடிபட்ட பிறகு போலீஸ் எழுதும்.”

“யாருடி அடிபட்டான்? ஒருத்தனைக் காட்டு!”

அவளால் காட்ட முடியவில்லை. முழங்கை உரிந்த பிளம்பரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. “எனக்குத் தங்கச்சி செத்துப் போயிட்டா” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். படியில் தடுமாறியவரைப் பிடிக்க அவள் கையை நீட்டினாள். தட்டிவிட்டார்.

அதன் பிறகு நடு அண்ணன் வீட்டிலிருந்தும் போன் வரவில்லை. அண்ணன் மகளின் கல்யாணத்துக்குத் தெருவில் எல்லோருக்கும் பத்திரிகை வந்தது. அவள் வீட்டைத் தாண்டிப் போனது. கடைக்கு வரும் வயதானவர்கள் குறைந்தார்கள். ‘அங்கே போனா கண்ணையும் பார்ப்பா, கடுதாசியும் போடுவா’ என்று பேச்சு. ஒரு காலையில் கடையின் கண்ணாடிக் கதவில் ‘காட்டிக் கொடுக்கிறவள்’ என்று யாரோ தாள் ஒட்டியிருந்தார்கள். தண்ணீர் தெளித்து, பிளேடால் அவளே சுரண்டி எடுத்தாள்.

முதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார். “கொஞ்சம் கண்டும் காணாம இருக்கலாமேம்மா.”

“கண் பார்க்கிற வேலையைக் கொடுத்துட்டு இப்படிச் சொல்றீங்களே சார்.”

மறுமாதம் முதலாளி வேறு ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்து, லைசென்ஸ் தாள்களை அந்தப் பெண்ணிடம் கொடுக்கத் தொடங்கினார். அஞ்சாம் வரிக்குக் குழந்தைகளின் கண்ணும் படிக்கிற கண்ணாடியும் மிஞ்சின.

எல்லாவற்றிலும் ஆற்றமுடியாதது, ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான். கார் உறைபோட்டு நின்றது. ரோட்டில் யாரும் சாகவில்லை. “சும்மா இருந்த மனுஷனை முடக்கிப் போட்டுட்டா” என்று சொன்னவர்களுக்குக் காட்ட அவளிடம் எதுவும் இல்லை. அவர் யாரையாவது இடித்திருந்தால் ஊரே தன் பக்கம் வந்திருக்கும் என்று ஒரு நாள் தோன்றியது. தோன்றிய மறுநொடி தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

எட்டு மாதம் கழித்து அண்ணி கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு சொட்டு மருந்துக் குப்பியை எடுத்துக் கவுன்டரில் டக்கென்று வைத்தாள்.

“ஆஸ்பத்திரியில கொடுத்தது. போட்டா எல்லாம் கன்னத்துல வழிஞ்சிடுது. வீணாப் போகுதுன்னு கத்துறாரு. எப்படிப் போடணும்?”

“படுக்க வெச்சு கீழ் இமையை இழுத்துப் பிடிங்க. ஒரு சொட்டு போதும். போட்டதும் கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரத்துல இந்த இடத்தை ரெண்டு நிமிஷம் அமுக்கிப் பிடிக்கணும். தினமும் ஒரே நேரம். ஒரு நாள்கூட விடக்கூடாது.”

“போனது திரும்ப வருமா?”

“வராது. இருக்கிறது போகாம நிக்கும்.”

அண்ணி குப்பியைப் பையில் போட்டுக்கொண்டாள். “நான் இங்க வந்தது அவருக்குத் தெரியக்கூடாது. உன்னை மன்னிச்சுட்டேன்னும் நினைச்சுக்காதே. வீட்டுல நாள் முழுக்க அவரை வெச்சுக்கிட்டு நான் படுற பாடு உனக்குத் தெரியாது. போற வர்ற வண்டிக்கெல்லாம் ஜன்னல்ல உட்கார்ந்து ஹாரன் அடிக்கத் தெரியலைன்னு திட்டுறாரு.”

“நினைக்கல அண்ணி.”

“பிடிவாதம் பிடிச்ச குடும்பம்” என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணி வெளியே போனாள்.

அண்ணன் பேசவில்லை. தெருவில் எதிரே பார்த்துவிட்டால் மறுபக்கம் கடந்து போகிறார். கடக்கும்போது மட்டும் நின்று, தலையை முழுசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கால் வைக்கிறார். அதை ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.