கத்திரிக்காய் இல்லாத இரவுகள்

அம்மாவால் பல்பொடி டப்பாவைத் திறக்க முடியவில்லை. அதுதான் முதல் அறிகுறி.

கடலூர் முதுநகரில் இறால் உரிக்கும் ஷெட்டில் பகல் ஷிப்டு, நைட் ஷிப்டு என்று மாறி மாறி ஐஸ் தண்ணீரில் கிடந்த கை அது. "ஐஸ் ஏறிப்போச்சு, வெந்நி ஊத்துனா சரியாப் பூடும்" என்றாள். சரியாகவில்லை. விரல் கணுக்கள் வெந்த கிழங்குபோல வீங்கி மினுமினுத்தன.

இது நடந்தது 2009இல். நான் சிதம்பரத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா இல்லை. வீட்டில் நானும் அம்மாவும்தான். விடியும்போது பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன்; ஞாயிறன்றும் நூலகம் என்று போய்விடுவேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிதம்பரத்தில் ஒரு மூட்டு மருத்துவரிடம் காட்டினோம். அவர் அம்மாவின் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"காலையில எழுந்ததும் கை மடங்க எவ்ளோ நேரம் ஆவுதும்மா?"

"கொல்லப்பக்கம் வெயில் வர்ற வரைக்கும் மடங்காது டாக்டரம்மா."

ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு முடக்குவாதம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே பகையென்று நினைத்துத் தாக்கும் நோய்) என்றார். மெத்தோட்ரெக்சேட் (அந்தத் தாக்குதலை அடக்கும் மாத்திரை; வாரத்தில் ஒரே நாள்தான் போட வேண்டும்) எழுதிக் கொடுத்தார். "ஒடனே தெரியாது தம்பி, வாரக்கணக்குல ஆகும். நடுவுல விட்டுட்டா வெரல் கோணிக்கும். அப்புறம் நேராக்க முடியாது."

அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் மாத்திரை போட்டுக்கொண்டாள். ஆனால் எனக்குப் பொறுமை இல்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் நடந்த உணவு முகாமுக்கும் போனேன். மேக்ரோபயாட்டிக் (ஜப்பானிலிருந்து பரவிய உணவு முறை, பட்டை தீட்டாத அரிசி, பருப்பு, கடல்பாசி இவைதான் பிரதானம்) என்றார்கள். அங்கிருந்த ஆலோசகர் மல் ஜிப்பாவைத் தடவிக்கொண்டே பேசினார். கத்திரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாம் நைட்ஷேட் என்னும் ஒரே தாவரக் குடும்பமாம். மூட்டில் விஷம் சேர்ப்பது அதுதானாம். எங்கள் வீட்டுக் குழம்பில் அந்த நாலையும் எடுத்துவிட்டால் மிச்சம் உப்பும் தண்ணீரும்தான்.

அன்று ராத்திரியே அம்மாவிடம் சொன்னேன். "இதெல்லாம் நைட்ஷேட் காயாம்மா. ஒனக்கு ஆவாது."

"ஆவாதுன்னா வுட்டுட்டாப் போச்சு" என்றாள்.

இரவுச் சாப்பாடு மாறியது. நாள் முழுக்க ஊறியும் வேகாத சிவப்பரிசிக் கஞ்சி. உப்பு குறைத்து அவித்த பூசணி. அதன்மேல் முகாமில் வாங்கிய கடல்பாசி வெந்த தண்ணீர். கஞ்சி, கோழை இறங்குவதுபோலத் தொண்டையில் நழுவி இறங்கும். அம்மாவுக்குத் துணையாக நானும் அதையே குடித்தேன். ஏப்பம் வந்தால் துறைமுகத்துச் சாக்கடை வாடை. போர்வையில்கூட அந்த வாடை ஏறிவிட்டது. அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் குமட்டுவாள்.

ஒருநாள் மாமா, அம்மாவின் அண்ணன், வந்து கஞ்சிச் சட்டியை எட்டிப் பார்த்தார். "மாப்ள, கரையில ஒதுங்கி நாறிக் கெடக்கறத நாய்கூட மோந்து பாக்காது. இதுக்கா ஒன்ன படிக்க வெச்சாங்க?"

நான் கஞ்சியை நிறுத்தவில்லை. ஏனென்றால் வீக்கம் வடிய ஆரம்பித்திருந்தது. வெயில் கொல்லைக்கு வருவதற்கு முன்பே அம்மாவின் கை மடங்கியது. ஓடிப்போய் ஆலோசகரிடம் சொன்னேன்.

"பாத்தீங்களா? காய நிறுத்துனதும் எறங்கிடுச்சு. இனிமே அந்த மாத்திரையும் வேணாம். அதுவும் விஷந்தான்."

அம்மாவுக்கு வாய்ப்புண் (இந்த மாத்திரையால் சிலருக்கு வருவது) வந்திருந்தது, அதைப் பற்றிக் கேட்டேன். மணத்தக்காளிக் கீரை சாப்பிடச் சொன்னார். மணத்தக்காளியும் அதே நைட்ஷேட் குடும்பத்துச் செடி என்பதைப் பின்னால்தான் படித்தேன். தன் விஷத்துக்கே பெயர் தெரியாத மனிதர்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் மாத்திரையை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் கனமழை. சிதம்பரம் போகும் வழியில் தண்ணீர், பஸ் போகாது என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, நனைந்துகொண்டே வீடு திரும்பினேன். மத்தியானம். தெருமுனையிலேயே நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு மணத்தது. உள்ளே அம்மா தட்டில் முழுக் கத்திரிக்காயை நசுக்கி, சோற்றோடு சேர்த்துப் பிசைந்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னாம்மா பண்ற?"

"பாத்தா தெரியல? சோறு துன்றேன். நீ ஏன்டா திரும்பிட்ட?"

"கத்திரிக்கா ஆவாதுன்னு அவ்ளோ சொன்னனே!"

"நைட்டு தானடா ஆவாது? நைட் ஷிப்டு காயின்னு நீதான சொன்ன? நைட்ல நான் அத தொட்டனா?"

"நைட் ஷிப்டு இல்லம்மா, நைட்ஷேட்!"

"எந்த எழவோ. பகல்ல இத துன்னதாலதான் ராவுல அந்தப் பாசிய குடிக்க முடிஞ்சிது. உக்காரு, ஒனக்கும் போடறேன்."

தினமும் சாப்பிட்டிருக்கிறாள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம். அத்தனையும் உள்ளே போய்க்கொண்டிருந்தபோதுதான் வீக்கம் வடிந்திருக்கிறது. அப்படியென்றால் வடியவைத்தது எது? இன்னும் சில நாளில் நான் நிறுத்த இருந்தது எது?

சிரிப்பு வரவில்லை. அருவருப்பாக இருந்தது. அந்த ஜிப்பா மீதும், குமட்டக் குமட்ட அம்மாவைக் குடிக்க வைத்த கஞ்சி மீதும். மிச்சமிருந்த பாசியைத் தெருவில் கொட்டினேன். மாமா சொன்னது சரி. நாய் வந்தது, மோந்துகூடப் பார்க்காமல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை நானே தண்ணீர் கொண்டுவந்து மாத்திரையைக் கொடுத்தேன்.

மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். நைட் ஷிப்டு கதைக்குச் சிரித்தவர், மாத்திரையை நிறுத்த இருந்தேன் என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "ஒரு காய் ஒத்துக்கலன்னு தோணுனா அத மட்டும் விட்டுப் பாருங்க, தப்பில்ல. ஒத்துக்கிட்டா சாப்பிடுங்க. ஆனா என்னைக் கேக்காம மருந்துல கை வெக்காதீங்க. வாய்ப்புண் வந்தாலும் எங்கிட்ட சொல்லணும், அதுக்கு வழி இருக்கு."

இந்தக் காய்களை விடலாமா என்ற கேள்வியோடு இருக்கும் உங்களுக்கு என்னால் சொல்ல முடிந்ததும் அதுதான். என் அம்மாவின் மத்தியானச் சோறு ஓர் ஆராய்ச்சி ஆகாது. ஆனால் ஒரு காயை விலக்குவதும், அதன் பேரால் மருந்தை விலக்குவதும் ஒன்றல்ல.

இப்போது 2012. அம்மாவின் வலது சுண்டுவிரல் மட்டும் நிமிரவில்லை. எனக்கு இன்றும் சிவப்பரிசி கொதிக்கும் வாடை பட்டால் வாயில் புளித்த நீர் ஊறுகிறது. காலையில் கண் விழித்தாலும் உடனே எழுவதில்லை, காது கொடுத்துப் படுத்திருப்பேன். பல்பொடி டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு விடியும்.

சத்தம் கேட்காத காலைகளும் உண்டு. அன்றைக்கு நான் எழுந்து போய்த் திறந்து கொடுப்பேன். விரல்களைப் பார்த்தபடி அம்மா சொல்வாள்: "இதுக்கு இன்னும் நைட் ஷிப்டு முடியலடா."