இங்கயே நில்லும்மா

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அந்தப் பெருமையோடுதான், கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை கிராமத்திலேயே வாழ்ந்த அம்மாவை மொராக்கோவின் பழைய நகரமான ஃபெஸுக்குச் சுற்றுலா அழைத்துப் போனேன். பாஸ்போர்ட், ஓட்டல் முகவரி எல்லாம் என் பையில். "எனக்கும் ஒரு போன் குடுடி" என்று அம்மா கேட்டபோது, "உனக்கு எதுக்கும்மா? நான்தான் கூடவே இருக்கேனே" என்றேன்.

கடைத்தெருவில் அம்மாவுக்குக் கால் வலித்தது. ஒரு பச்சைக் கதவோரம் நிறுத்தி, "இங்கயே நில்லும்மா, தண்ணி வாங்கினு வரேன்" என்று போனேன்.

திரும்பும் வழி தெரியவில்லை. போனில் வரைபடமும் வரவில்லை. கிரிவலம் போய்ப் பழகிய புத்தி, வலப்பக்கமாகவே திரும்பி நடந்தால் புறப்பட்ட இடம் வந்துவிடும் என்று நம்பியது. அங்கே சுற்றிவர மலை இல்லை. சந்துகள் சுவரில் போய் முடிந்தன. பச்சைக் கதவுகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன, எதன் ஓரத்திலும் அம்மா இல்லை. அரபிப் பெயர்ப்பலகைகளில் ஓர் எழுத்துகூட எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அழுதுகொண்டே அம்மாவின் படத்தைக் கடை கடையாகக் காட்டினேன். கடைசியில் ஒரு தோல்பை வியாபாரி அடையாளம் கண்டு அழைத்துப் போனார்.

இரண்டு மணி நேரமாக அம்மா உட்காரவே இல்லை. "உக்காந்தா தல தெரியாம நீ தாண்டிப் போயிடுவியேன்னு நின்னுனே இருந்தேன்டி" என்றாள்.

இப்போது அம்மாவிடம் தனி போன் உண்டு. வெளியூர் போனால் ஓட்டல் அட்டை அவள் சுருக்குப்பையில் இருக்கும். ஆனாலும் நம்மூர் பஸ் ஸ்டாண்டில்கூட "இரும்மா, வரேன்" என்றால் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொள்கிறாள். அந்த வார்த்தையைச் சொல்வதையே விட்டுவிட்டேன்.